புல்லை மிதிக்காத மாமாவுக்கு

என்றும் என் அன்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள், நீங்கள் வைத்த பெயரில் சொன்னால் புல்லுக்காரி, எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் சௌக்கியத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாததால் நீங்களும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். மண்வெட்டியை வைக்கோல் போருக்குள் ஒளித்துவைத்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஏன் ஒளித்தேன் என்று பிறகு சொல்கிறேன், அதற்குள் கோபப்படாதீர்கள்.

பள்ளிக்கூட மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். "புல்தரையில் களை வராமல் காப்பது எப்படி" என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இரண்டாவது வரியிலேயே நீங்கள் தோளில் துண்டோடு வந்து நின்றுவிடுகிறீர்கள். கட்டுரைக்குள் மாமனார் வரக் கூடாதாம். கடிதத்துக்குள் வரலாம் அல்லவா? அதனால் இதையே கொடுத்துவிடப் போகிறேன், போட்டால் போடட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் தலைத் திவசம். லீவு போட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் முந்தாநாளே ஊருக்கு வந்துவிட்டோம். ஒரு வருஷம் எப்படிப் போனது மாமா?

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஊர்ப் பெண்கள் கூட்டமாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது நினைவிருக்கிறதா? ட்ரில் டீச்சர் என்றால் என்ன வேலை என்று அவர்களுக்குப் புரியவில்லை. நீங்கள்தான் விளக்கம் சொன்னீர்கள். "பொட்டப் புள்ளைகளைப் பாத்து ஓடுன்னு சொல்லும். அதுக ஓடும். அம்புட்டுத்தான். அதுக்குச் சம்பளம்." என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்து வருஷம் படித்து வாங்கிய வேலையை ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டீர்கள், அதில் தப்பும் இல்லை.

ஆனால் அந்த ஓட்டத்துக்கு ஒரு தரை வேண்டுமே. சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த பிறகு, ஒரு பழைய பங்களாவைப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். அதன் முன்னால் ஒரு புல்தரை. ஒரு காலத்தில் யாரோ பெரிய மனிதர்கள் பந்தாடிய இடமாம். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி அருகம்புல், பாதி கோரை, நடுவிலெல்லாம் நெருஞ்சி. மஞ்சள் பூவைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று உட்கார்ந்த ஒரு டீச்சர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்ததை நானே பார்த்தேன்.

எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்க ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தயாராக இருந்தார். அவருக்கு ஒரு முள் போதும். அந்த ஆனியில் ஒரு பெண்ணுக்கு முள் குத்திக் கால் வீங்கிவிட்டது. அவளுடைய அப்பா வந்து, இனிமேல் விளையாட்டு பீரியட்டில் பெண்ணை உட்கார வையுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டார். "சரளை கொட்டிடலாம் டீச்சர். முள்ளும் இருக்காது, புல்லும் இருக்காது. பிரேயருக்கு நிக்க வசதியா இருக்கும்" என்றார். சரளையில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும், அப்புறம் எந்த வீட்டில் ஓட விடுவார்கள்? என் வேலை மிஞ்சும், பிள்ளைகளின் ஓட்டம் மிஞ்சாது. பொங்கல் வரை தவணை கேட்டேன். அதற்குள் வெறுங்காலோடு நடக்கிற மாதிரி புல்தரையை ஆக்கிக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, எப்படி ஆக்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

நெருஞ்சிக்கு வழி கண்டுபிடித்துவிட்டோம். பூ விடும்போதே கொடியோடு பிடுங்கினோம். உதிர்ந்து கிடந்த முள்ளுக்குக் கோணிச் சாக்கை நனைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தரையெல்லாம் இழுத்தோம். முள் எல்லாம் சாக்கில் ஏறி ஒட்டிக்கொள்ளும். கோரைதான் என்னை அழவைத்தது. இன்றைக்குப் பிடுங்கினால் நாளைக்குக் காலையில் ஒன்றும் நடக்காததுபோல நிற்கும். கிழங்கு உள்ளே பத்திரமாக இருக்கிறதே.

ஆவணியில் ஊருக்கு வந்தபோது உங்களிடம் புலம்பினேன். "தரை பூரா களை மாமா. அதை மட்டும் சுத்தமா எடுத்துட்டா நான் பொழச்சேன்" என்றேன். "எம்புட்டு எடம் ஆத்தா?" என்று கேட்டீர்கள். நம் கிணற்றடிக் கொல்லையைப்போல இரண்டு மடங்கு இருக்கும் என்றேன். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டீர்கள். அந்தத் தலையாட்டலை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

காலாண்டுப் பரீட்சை லீவில் எனக்குத் திருச்சியில் பயிற்சி முகாம். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, திருக்கோகர்ணத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக்கூடப் போகாமல், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையோடு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் ஒரு மாதிரி சிரித்தார். "டீச்சரம்மா மாமனாருன்னு சொன்னாக, உள்ள விட்டேன்" என்றார்.

செக்கச்செவேலென்று மண். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு பச்சை இல்லை. கொத்தி, கட்டி உடைத்து, சமன்படுத்தி, பாத்தி வேறு கட்டியிருந்தது. நடுவில் நீங்கள். பக்கத்தில் களைக்கொட்டும் கையுமாக நம் ஊர் வெள்ளையம்மாக்காவும் ஏழெட்டுப் பெண்களும். எல்லார் முகத்திலும் கல்யாண வீட்டுக் களை.

"பாரு ஆத்தா. ஒரு புல்லு கெடையாது" என்றீர்கள்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் கலங்கியதைப் பார்த்து நீங்கள் வெள்ளையம்மாக்காவிடம், "புள்ளைக்குச் சந்தோசம் தாங்கல" என்று சொன்னீர்களே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

"இங்கிருந்த புல்லு எங்க மாமா?"

"அதை ஏன் கேக்குற. அருகு ஆத்தா, பூராம் அருகு. வேரு எம்புட்டு ஆழம் போயிருக்குங்குற! விடுவமா? ஒரு கணு விடாமக் கெல்லி எடுத்து வண்டியில ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டேன். இங்கிட்டுப் போட்டா மறுபடி தொத்திக்கிரும்ல?"

"அதுதான் மாமா பயிரு."

"எது?"

"அருகு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், மண்ணைப் பார்த்தீர்கள், வெள்ளையம்மாக்காவைப் பார்த்தீர்கள். "அருகா? பயிரா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "அப்ப இங்கன களை எதுதான் ஆத்தா?"

"அருகைத் தவிர மத்ததெல்லாம் மாமா."

ஆயுசு முழுக்கக் கடலைக் கொல்லையில் அருகோடு மல்லுக்கட்டிய மனிதரிடம் போய் அது பயிர் என்றால் அவர் என்ன செய்வார்? இன்றைக்கு எனக்கு அது விளங்குகிறது. அன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு வார்த்தை கேக்காம ஏன் மாமா செஞ்சீங்க?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "களை எடுக்கறதுக்கு யாரையாச்சும் கேப்பாகளா ஆத்தா?" என்று மெதுவாகச் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றதற்கும் நிற்கவில்லை, இலுப்பூர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டீர்கள். அந்த வெடுக்குக்காக உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன் மாமா.

பள்ளிக்கூடம் திறந்தது. தலைமையாசிரியை அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "நல்லதாப் போச்சு டீச்சர், தரை தயாரா இருக்கு. சரளைக்குச் சொல்லி விட்டுடட்டுமா?"

"பொங்கல் வரைக்கும்னு சொன்னீங்களேம்மா."

"புல்லே இல்லையே?"

"வந்துரும்மா" என்றேன். எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

முதல் மழை விழுந்த நாலாம் நாள் தரையெங்கும் பச்சை. பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் குனிந்து பார்த்தேன், அத்தனையும் கோரை. ஆனால் பாருங்கள் மாமா, நீங்கள் கொத்திப் போட்ட மண் பொலபொலவென்று இருந்ததால் கோரையைப் பிடித்து இழுத்தால் கிழங்கும் கொடியுமாகக் கூடவே வந்தது. முன்பெல்லாம் பாதியில் அறுந்துவிடும். ஒவ்வொரு விளையாட்டு பீரியட்டிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்கு பொறுக்கினோம். உட்கார வைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்த அப்பாவின் பெண்தான் எல்லாரையும்விட அதிகம் எடுத்தாள், "டீச்சர், எங்கப்பா சொன்ன மாதிரி உக்காந்துதானே இருக்கேன்" என்று. எடுத்த கிழங்கைக் குளியல் பொடிக்கு வேண்டும் என்று பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து அள்ளிப் போனார்கள். நீங்கள் தப்பாகச் செய்த வேலையில்தான் எங்கள் கோரை ஒழிந்தது. இதைத் தெரிந்து செய்திருந்தால் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருப்பீர்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நீங்கள் எங்கள் பக்கமே வரவில்லை. தீபாவளிக்கு நாங்கள் ஊருக்கு வந்தபோதும் கிணற்றடிப் பக்கம் என்னைப் போகவிடவில்லை. "பாம்பு கெடக்கு, அங்கிட்டுப் போகாத" என்றீர்கள். மாமாவுக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் நம் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய வைக்கோல். "வைக்கோல் எதுக்கு மாமா இங்க?" என்றேன். நீங்கள் மேலாக இருந்த வைக்கோலை விலக்கினீர்கள். உள்ளே ஈரச் சாக்குக்குள், நெல் நாற்றை முடிச்சுப் போடுவார்களே அதேபோல முடிச்சு முடிச்சாகக் கட்டி, பச்சைப்பசேலென்று அருகம்புல்.

"நாத்துக் கொண்டாந்திருக்கேன் ஆத்தா. பயிருன்னியே."

அப்புறம் வெள்ளையம்மாக்கா சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கு அந்த இலுப்பூர் பஸ்ஸை விட்டு இறங்கியவர் நேரே ஊருக்கு வெளியே உள்ள பாறைக்குப் போனீர்களாம். அங்கே காய்ந்து சாகட்டும் என்று கொட்டிவைத்திருந்த குவியலைப் புரட்டி, அடியில் உயிர் இருந்த கொடியை எல்லாம் பொறுக்கினீர்களாம். மிளகாய் நாற்றுக்கு என்று உழுதுவைத்த கிணற்றடி மேட்டில், ஊரிலேயே நல்ல மண்ணில், உங்கள் கையாலேயே அருகை நட்டுத் தண்ணீர் பாய்ச்சினீர்களாம். ஊர் சும்மா இருக்குமா? "என்ன பெரியவரே, கெணத்தடியில என்ன பயிரு?" என்று கேட்டவரிடம் "பிள்ளையாருக்கு" என்றீர்களாம். பிள்ளையாருக்கு ஒரு கைப்பிடி போதாதா என்றதற்கு, "எங்க பிள்ளையாரு கொஞ்சம் பெரியவரு" என்றீர்களாம். வைக்கோல் எதற்கு மூடினீர்கள் என்று நானே கேட்டேன். "அருகை வண்டி கட்டி ஏத்திக்கிட்டுப் போறதை ஊரு பாத்துச்சுன்னா எளையவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றீர்கள். உங்கள் சின்ன மகனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு உங்களோடு வந்திருந்த நம் ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்று, ஒரு சாணுக்கு ஒரு கணுவாக ஊன்றினார்கள். வெள்ளையம்மாக்கா பழக்கதோஷத்தில் முதல் நாற்றை ஊன்றும்போது குலவை போட, மற்றவர்களும் சேர்ந்து போட, தலைமையாசிரியை அம்மா பதறிக்கொண்டு வெளியே ஓடி வந்தார். "என்ன சத்தம் இது, பள்ளிக்கூடத்துக்குள்ள?"

"நடவும்மா" என்றார் வெள்ளையம்மாக்கா, குனிந்த தலை நிமிராமல்.

கார்த்திகை மழையில் கொடி ஓடத் தொடங்கியது. மார்கழிப் பனியில் கொஞ்சம் சுணங்கியது. தை பிறந்து வெயில் ஏறியதும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டது. பொங்கல் லீவு முடிந்த அன்று தலைமையாசிரியை அம்மா வந்தார். அங்கங்கே கொஞ்சம் மண் தெரிந்தது உண்மைதான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். அந்த முனையில் நின்று ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். "சரளைக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க டீச்சர்" என்றார்.

மாசியில் விளையாட்டு விழா. உங்களுக்காக முதல் வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நீங்கள் ஓரத்திலேயே நின்றீர்கள். "உள்ள வாங்க மாமா" என்று எத்தனை தடவை கூப்பிட்டேன்! "பயிரை எப்புடி ஆத்தா மிதிக்கிறது?" என்று கேட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் நடைபாதையில் போட்டு உட்கார்ந்தீர்கள். பிள்ளைகள் ஓட ஆரம்பித்ததும் உங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பயிருக்குள்ள ஓடுதுகளே ஆத்தா!"

"அதுக்குத்தான் மாமா இந்தப் பயிரு."

"அப்ப அறுப்பு எப்ப?"

"வாராவாரம் மாமா. ஒட்ட அறுத்துக்கிட்டே இருந்தாத்தான் அடர்ந்து படரும், களைக்கு எடம் விடாது."

வாராவாரம் அறுப்பு என்றதும் உங்களுக்கு அந்தப் பயிர்மீது ஒரு மரியாதை வந்துவிட்டது. முள் குத்தியதே அந்தப் பெண் முதலாவதாக வந்தாள். அவளுடைய அப்பா எழுந்து நின்று கைதட்டியதையும் நீங்கள் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் வந்துபோனீர்கள்! ஒரு நாளாவது அந்தப் புல்மீது கால் வைத்திருப்பீர்களா? நாலு பக்கமும் சுற்றி வருவீர்கள், ஓரத்தில் ஒரு நெருஞ்சியைக் கண்டால் எட்டிப் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொண்டு போவீர்கள். ஆனால் கிணற்றடியில் நட்ட அருகு உங்களை விட்டுவைக்கவில்லை. வரப்பைத் தாண்டிக் கடலைக்குள் புகுந்தது. "ஒன் புல்லு என் கடலையைத் திங்குது புல்லுக்காரி" என்று ஒவ்வொரு ஆடியிலும் என்னைத் திட்டினீர்கள். மேட்டைக் கொத்தி எடுத்துவிட்டால் தொல்லை ஒரே நாளில் தீர்ந்திருக்கும். ஏன் மாமா கொத்தவில்லை?

போன வருஷம் ஆனியில் உங்களுக்கு நடமாட்டம் குறைந்தபோது, கட்டிலைக் கிணற்றடியில் போடச் சொன்னீர்கள். காற்று வரும் என்றீர்கள். லீவு போட்டுவிட்டு உங்களோடு இருந்த ஒரு சாயங்காலம் நான் கஞ்சி கொண்டுவந்தபோது, கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டிருந்தீர்கள். பாதம் இரண்டும் அருகுக்குள் இருந்தன. என்னைப் பார்த்ததும் காலை மேலே இழுத்துக்கொள்ளப் பார்த்தீர்கள், முடியவில்லை. "மெத்துனு இருக்கு ஆத்தா" என்றீர்கள். திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு உங்களை அவ்வளவு பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இனி மண்வெட்டிக்கு வருகிறேன். திவசச் சாப்பாட்டுக்குக் கோட்டையடுப்பு வெட்ட அந்த மேடுதான் தோது என்று உங்கள் மூத்த மகன், என் வீட்டுக்காரர், சொல்லிவிட்டார். "அப்பாவே இல்ல. இந்தப் புல்லு இன்னமும் எதுக்கு? அடுப்பு வெட்டுன மாதிரியும் இருக்கும், அருகு ஒழிஞ்ச மாதிரியும் இருக்கும்" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். நியாயத்துக்கு எதிராக என்னிடம் இருந்தது ஒரு வைக்கோல் போர் மட்டும்தான்.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து நின்றார். "மண்வெட்டியைப் பாத்தியா?" என்றார். நான் எழுதின தாள்களை நீட்டினேன். நின்றபடியே படித்தார். காலைத் தொங்கவிட்டிருந்த இடம் அவருக்குத் தெரியாது மாமா, அன்றைக்கு அவர் ஆபீஸில் இருந்தார். தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். செருப்பு இரண்டும் வரப்பின்மேல் கிடந்தன. அவர் மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்வெட்டி இருக்கட்டும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அந்தக் களைக்கொட்டை எடுத்துட்டு வா. அருகுக்குள்ள ரெண்டு கோரை கெடக்கு."

அடுப்பு புளியமரத்தடிக்குப் போய்விட்டது மாமா. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வரப்புக்கு இந்தப் பக்கம் அருகு பயிர், கோரை ஒன்று தலைகாட்டினாலும் கிழங்கோடு எடுப்போம். வரப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் கடலை. அங்கே ஒரு கணு எட்டிப் பார்த்தாலும் உங்களைப்போலவே திட்டிக்கொண்டு, நானே உட்கார்ந்து பிடுங்குவேன், யாரையும் கேட்க மாட்டேன்.

களைக்கொட்டோடு கிளம்பிவிட்ட,
உங்கள் மூத்த மருமகள்,
புல்லுக்காரி